சாஸ்திர தானமும் திறந்த ஆராய்ச்சியும்

இல்லறத்தார்க்கு உரிய கடமைகளுள் தானம் சிறப்பிடம் பெறுவது. ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என அது நால்வகைப்படும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் சொல்வர். உணவு ஒரு பொழுதின் பசியைத் தீர்க்கும். மருந்து ஒரு நோயைத் தீர்க்கும். அபயம் ஓர் உயிரைக் காக்கும். சாஸ்திர தானமோ பெற்றவரிடமிருந்து மற்றொருவர்க்கும், அவரிடமிருந்து பிறர்க்கும் சென்று வளர்வது. கொடுத்தவரிடத்தே அது குறைவதும் இல்லை.

அங்ஙனமாயின் அறிவைப் பூட்டி வைத்தல் தகுமா? ஒருவர் பல்லாண்டு உழைத்துக் கண்ட அறிவை விலையின்றிக் கேட்டல்தான் தகுமா? இவ்விரு வினாக்களும் இன்று பல்கலைக்கழகங்களில் 'திறந்த மூலம்' என்ற பெயரால் பேசப்படுகின்றன. இது படித்தவர்கள் தமக்குள் நடத்தும் வழக்கு என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் உள்ள ஏட்டுப் பெட்டிகள் வரையில் அது வந்துவிட்டது. ஆதலின் நம் அறநூல் நெறியை அளவுகோலாகக் கொண்டு அதனைச் சற்றே ஆராய்வோம்.

திறந்த மூலம் என்பது யாது?

நூலை மூலம் என்றும் உரை என்றும் பிரித்துப் பேசுதல் தமிழ் மரபு. மூலம் கையில் இருந்தால் உரை சரியா, பிழையா என்று நாமே தெளியலாம். கணிப்பொறித் துறையினர் வழங்கும் 'மூலம்' என்ற சொல்லும் ஏறத்தாழ இப்பொருளதே. ஒரு மென்பொருளை ஆக்கியோர் எழுதிய கட்டளைத் தொடரே அதன் மூலம். அதனைக் காட்டாமல் இயங்கும் வடிவத்தை மட்டும் விற்பது ஒரு முறை. மூலத்தையும் உடன் கொடுத்து, படித்துப் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எழுத்து வாயிலாக இசைவு தருவது மற்றொரு முறை. பின்னதே திறந்த மூலம். பலகாரத்தை மட்டும் தருவதற்கும் அதன் பக்குவத்தையும் சேர்த்துச் சொல்லித் தருவதற்கும் உள்ள வேறுபாடு இது என்றால் நம் இல்லத்தரசியர்க்கு எளிதில் விளங்கும்.

ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். முடிவை மட்டும் அறிவியாது, அதற்கு ஆதாரமான குறிப்புகள், படங்கள், கணக்கிட்ட முறை, எழுதிய கட்டுரை ஆகிய யாவற்றையும் எவரும் காணும்படி வைப்பது திறந்த ஆராய்ச்சியாகும்.

இதனைச் செய்தோருள் பலர் ஆசிரியர்களே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத் 1977ஆம் ஆண்டில் தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைக் கண்டு மனம் நொந்தார். கணிதக் குறியீடுகள் அவ்வளவு அழகின்றி அமைந்திருந்தன. அவர் தாம் எழுதி வந்த நூல் வரிசையை நிறுத்தி வைத்து, அச்சுக் கோப்பதற்கென்று 'டெக்' என்னும் மென்பொருளை ஆக்கி, மூலத்துடன் உலகத்தார்க்கு வழங்கினார். கணித நூல்களும் கட்டுரைகளும் இன்றும் உலகெங்கும் அதனைக் கொண்டே அச்சுக்கு ஆயத்தமாகின்றன. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடம் தன்னிடம் உருவான உலகளாவிய வலையின் மென்பொருளை 1993 ஏப்ரல் 30 அன்று உரிமைத்தொகை ஏதுமின்றி யாவர்க்கும் பொதுவாக்கியது.

நம் மொழிக்கும் அத்தகையோர் வாய்த்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராய் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், கணிப்பொறியில் தமிழ் எழுதுவதற்கு 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி விலையின்றி வழங்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று அன்பர்களுடன் கூடி 'மதுரைத் திட்டம்' என்னும் மின்னூல் தொகுப்பைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் பெறாது தட்டெழுதியும் பிழை திருத்தியும் சேர்த்த அத்தொகுப்பில் நாலடியார், சூளாமணி, யசோதர காவியம் முதலிய நம் நூல்களும் உள்ளன. எந்த நாட்டிலிருந்தும் எவரும் அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

அறிவை மறைத்தல் பற்றி ஆகமம்

உமாஸ்வாதி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் எவ்வினை எதனால் வந்து பற்றும் என்று வகுத்துரைக்கிறது. உயிரின் இயல்பாகிய அறிவை மூடும் ஞானாவரணீய கர்மத்துக்குக் காரணமாக அங்கே கூறப்படுவனவற்றுள் மூன்றினை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்று நிஹ்நவம், தாம் அறிந்ததை மறைப்பதும், கற்பித்த ஆசானின் பெயரை மறைப்பதும் அதன்பாற்படும். மற்றொன்று மாத்ஸரியம், தகுதியுடையவன் வந்து கேட்டபோதும், தனக்கு நிகராகி விடுவானோ என்ற பொறாமையால் சொல்லாதிருத்தல். மூன்றாவது அந்தராயம், அறிவு பெறும் வழியைத் தடுத்தல்.

பிறன் அறிவை மறைப்பவன் தன் அறிவையே மூடிக்கொள்கிறான் என்பது இதன் கருத்து. இது மறுமைக்கு மட்டும் உரிய செய்தியன்று, இம்மையிலேயே காணலாம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பாடக்குறிப்பு எழுதும் முறையை நாம் பயின்றோம். பின்னர்ப் பணியாற்றிய பள்ளிகளில் இருவகை ஆசிரியர்களைக் கண்டோம். ஒரு சாரார் தாம் எழுதிய பாடக்குறிப்பேட்டையும் வரைந்த படங்களையும் புதிதாக வந்தவர்க்கு எடுத்துக் கொடுப்பர். மற்றொரு சாரார் அவற்றை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்வர். முன்னவர் குறிப்பேடு ஆண்டுதோறும் பலர் கைபட்டுத் திருந்தியது. பின்னவரது குறிப்பேடு எழுதிய ஆண்டில் இருந்தவாறே பணி நிறைவு நாள் வரையில் இருந்தது. பூட்டியவர் கெட்டவர் அல்லர்; தம் உழைப்புக்குக் காவல் தேடினார். ஆயினும் அக்காவல் அவ்வுழைப்பை வளரவொட்டாமல் செய்தது.

நம் தமிழ்ச் சமண முன்னோர் எச்சாரார்? பவணந்தி முனிவரின் நன்னூலைச் சைவரும் வைணவரும் கிறித்தவரும் இசுலாமியரும் கற்றனர். அமிதசாகரர் செய்த யாப்பருங்கலக்காரிகை கொண்டு எல்லாச் சமயத்தாரும் தத்தம் தெய்வத்தைப் பாடினர். திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரைச் சேர்ந்தவர் என்று நம்மவர் போற்றும் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, அச்சு வருமுன்னும் வந்தபின்னும் திண்ணைப் பள்ளிகள் தோறும் மனப்பாடமாய் ஒலித்தது. கன்னட நாட்டிலோ பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னகவியின் சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கி, 'தான சிந்தாமணி' என்று புகழ் பெற்றார். ஓலையில் எழுத்தாணி கொண்டு 1,000 படி எனின் எத்தனை எழுத்தர், எத்தனை நாள், எவ்வளவு பொருள் என்று எண்ணிப் பாருங்கள்! படித்தவர்க்கு விலையில்லை, ஆனால் அம்மையார்க்கு விலை இருந்தது. இதனை நினைவில் வைத்தல் நலம். பின்னர் இவ்விடத்துக்கே வருவோம்.

வீடூர் ஆசிரியரும் கும்பகோணம் ஆசிரியரும்

கல்லூரி ஆசிரியர் ஒருவரது ஆராய்ச்சிக்குச் சமுதாயம் துணை நின்றால் யாது விளையும் என்பதற்குச் சீவக சிந்தாமணியின் பதிப்பு வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுத் திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்தவர். அதே ஆண்டில் அந்நகரில் முன்சீபாய் இருந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்ட கேள்வி அவரை அந்நூலின்பால் திருப்பியது. ஏடு கிடைத்தது; எழுத்தும் விளங்கியது; பொருள் விளங்கவில்லை. ஜீவாதி தத்துவங்களும் குணஸ்தானங்களும் சமவசரணமும் அறியாதவர்க்கு அந்நூல் எவ்வாறு திறக்கும்?

அப்போது அந்நகரத்துச் சமணர் வீதியில், சிந்தாமணியை ஆறு மாத காலம் தொடர்ந்து படித்து முடித்து, அதனைத் திருவிழாப் போலக் கொண்டாடினர். உலகம் மறந்துவிட்டது என்று எண்ணப்பட்ட நூல் ஒரு வீதியில் உயிரோடு இருந்தது. அங்கே அதனைப் பாடம் சொன்னவர் வீடூர் அப்பாசாமி நயினார். அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவில் திண்டிவனத்தைச் சார்ந்தும் இந்நாளில் விழுப்புரம் மாவட்டத்திலும் இருப்பது அவ்வீடூர். அவரும், கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களும் ஐயருக்குச் சமண நெறியின் நுட்பங்களை விளக்கினர். வேற்றுச் சமயத்தவர் என்று ஒதுக்காமல், அவரது ஆர்வத்தைக் கண்டு 'பவ்ய ஜீவன்' என்றே அவரை நம்மவர் பாராட்டினர். அச்சுச் செலவுக்குப் பலர் கையொப்பமிட்டு உதவினர். 1887ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வீடூர் நயினார் தந்தது அறிவு விளக்கம். எவ்வளவு ஊதியம் கொடுத்தாலும் எக்கல்லூரியும் விலைக்கு வாங்கியிருக்க முடியாத பொருள் அது. வழிவழியாக ஓதிக் காத்தவர் வாயிலிருந்து மட்டுமே அது வரக்கூடும். கல்லூரி ஆசிரியரிடம் ஒப்பிட்டு ஆராயும் பயிற்சி இருந்தது. நம்மவரிடம் பொருள் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது தமிழுலகம் முழுவதும் பெற்றது. அந்நூலைத் திறந்துவிட்டதனால் நாம் இழந்தது யாது? ஒன்றும் இல்லை.

பின்னாளில் அதே கும்பகோணம் கல்லூரிக்கு முதல்வராய் வந்தவர் நம்மவரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அப்பெருமகனார், 1920இல் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தையும் 1950இல் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். 1936இல் நீலகேசியைச் சமய திவாகர உரையுடன் பதிப்பித்தார். தமிழில் உள்ள ஜைன இலக்கியம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் வந்தது. கற்பித்தலோடு அமையாமல், தம் குடிக்கு உரிய கருவூலத்தை உலகத்தார் அறியும் மொழியில் திறந்து வைத்த பேராசிரியர் அவர்.

மூடபித்ரி காட்டும் பாடம்

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஷட்கண்டாகமமும் அதன்மேல் வீரசேனாசாரியர் செய்த தவளா உரையும் பல நூற்றாண்டுகளாக மூடபித்ரியில் மட்டுமே ஓலைச்சுவடிகளாக இருந்தன. யாத்திரிகர் அவற்றைத் தரிசித்து வணங்கித் திரும்பினர். படித்தவர் அரியர். சுவடிகள் நைந்து வருவதைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கத் தொடங்கினர்; அப்பணி பல ஆண்டுகள் நடந்தது. வெளியே செல்லக்கூடாது என்று கருதியவரும், சென்றால்தான் வாழும் என்று கருதியவரும் நம்மவரே.

அமராவதியில் கல்லூரிப் பேராசிரியராய் இருந்த ஹீராலால் ஜைன் அதனைப் பதிப்பிக்க முன்வந்தார். விதிஷாவைச் சேர்ந்த செல்வர் ஒருவர் அதற்கென நிதி அமைத்தார். பண்டிதர்கள் உடனிருந்து உழைத்தனர். முதற்பகுதி 1939இல் வெளிவந்தது. பதினாறாம் பகுதி 1959இல் நிறைவெய்தியது. இருபது ஆண்டுகள்! இன்று அந்நூல் வடக்கிலும் தெற்கிலும் ஓதப்படுகிறது.

பூட்டி வைத்த முன்னோரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. அவர்கள் காத்திராவிடில் திறப்பதற்கே ஒன்றும் இருந்திராது. காத்தல் ஒரு காலத்தின் அறம்; திறத்தல் மற்றொரு காலத்தின் அறம். எக்காலம் எது என்று தெளிவதே விவேகம். ஓலை நையத் தொடங்கிய பின்னும், அதனை ஓதவல்லார் அருகிய பின்னும் பூட்டி வைத்தல் காவல் ஆகாது.

விலையை யார் கொடுப்பது?

இனி, எதிர்த்தரப்பின் வலிய வினாவுக்கு வருவோம். ஆராய்ச்சி இலவசமாக விளைவதில்லை. ஆய்வாளர்க்குக் குடும்பம் உண்டு. கருவிக்கும் பயணத்துக்கும் செலவு உண்டு. எல்லாவற்றையும் திறந்து கொடு என்பது பிறர் உழைப்பைச் சுரண்டுவது ஆகாதா?

இவ்வினா நேர்மையானது. திறந்த அறிவு என்பது விலையற்ற அறிவு அன்று; விலையை வேறொருவர் முன்னரே கொடுத்துவிட்ட அறிவு. சாந்தி புராணத்துக்கு அத்திமப்பை கொடுத்தார். தவளாவுக்கு விதிஷாச் செல்வர் கொடுத்தார். நம் பகுதியிலேயே அறிவியல் சான்று ஒன்றுண்டு. நம் கொல்லைகளில் விளையும் மணிலாவின் பெயர்களை எண்ணுங்கள்: டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார், குடியாத்தம் பகுதிக் கொத்து மணிலாவிலிருந்து தெரிந்தெடுத்து 1940இல் வெளியிட்டது டி.எம்.வி. 2. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல்லாண்டுகள் அது பெருவழக்காய்ப் பயிராயிற்று. 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. அரசு நிதியால், அதாவது மக்கள் பணத்தால், ஊதியம் பெற்ற ஆராய்ச்சியாளர் கண்ட வித்து அது. உழவர் விளைவித்து, அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்து, உறவினர்க்கும் கொடுத்தனர். ஒருவரும் தடுக்கவில்லை. மக்கள் விலை கொடுத்தனர், மக்களே பெற்றனர். இதுவே நேர்மையான ஏற்பாடு.

இதற்கு மாறானதையும் காண்க. பல்கலைக்கழக ஆசிரியர் மக்கள் பணத்தில் ஆராய்ந்து எழுதிய கட்டுரையை அயல்நாட்டுப் பதிப்பகம் ஒன்று வாங்கி, அதனைப் படிக்கச் சந்தா கேட்கிறது. எழுதியவர்க்கும் பிழை பார்த்த அறிஞர்க்கும் பெரும்பாலும் அதிலிருந்து ஒரு காசும் செல்வதில்லை. இந்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் இசைவளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்க, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாணவர்க்கு அது பெருநன்மையே. ஆயினும் கல்லூரி வாயிலுக்கு வெளியே நிற்கும் உழவனும், பணி நிறைவு பெற்ற ஆசிரியையும் அவற்றைப் படிக்க இயலாது. நம் ஊர்ச் சமணரைப் பற்றியும் நம் கோயில்களைப் பற்றியும் எழுதப்படும் ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றின் நிலையும் இதுவே. நம்மிடம் கேட்டறிந்ததை நாமே விலை கொடுத்துப் படிக்க வேண்டியதாகிறது.

ஆகவே திறந்து வைக்கும் ஆசிரியரைப் போற்றுவது பேச்சளவில் நின்றால் போதாது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், திறந்த மூல மென்பொருள்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சிறுசிறு பாடங்களாகக் கற்பிக்கிறது. மத்திய அரசின் நிதி இருந்தமையால் அது நிலைபெற்றது. நம் அரசுக் கல்லூரிகளிலோ குறைந்த தொகுப்பூதியத்தில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளர் பலர். அவர்களிடம் சென்று, உங்கள் உழைப்பை விலையின்றித் தாருங்கள் என்று கேட்பது அறமாகாது. முனிவர்க்கு ஆகாரம் அளிக்காத ஊர் அவரிடம் அறவுரையை மட்டும் எதிர்பார்க்கலாமா? முனிவர் சமைப்பதில்லை, சிராவகர் சமைத்து அளிப்பர். திறந்த ஆராய்ச்சிக்கும் இத்தகைய இருதரப்பு அறம் வேண்டும். திறப்பது ஆசிரியர் கடமை. தாங்குவது சமுதாயத்தின் கடமை.

திறப்பதற்கும் எல்லை உண்டு

தானத்தின் சிறப்பு கொடுக்கும் முறையாலும், பொருளாலும், கொடுப்போராலும், பெறுவோராலும் அமையும் என்கிறது அதே சூத்திர நூலின் ஏழாம் அதிகாரம். ஆகவே எதனையும் எவ்வாறும் திறந்துவிடுக என்பது நம் நெறியன்று.

முதலாவது, பிறர்க்குத் தீங்கு தருவது திறக்கத்தக்கதன்று. ஒருவரது நோய்க்குறிப்பையும் குடும்பச் செய்தியையும் ஆராய்ச்சி என்ற பெயரால் வெளியிடுதல் அபய தானத்துக்கு மாறானது.

இரண்டாவது, திறந்து கொடுத்ததை எடுத்துப் பெருநிறுவனத்தார் பூட்டிக்கொள்ள மாட்டார்களா என்பர். அதற்கெனவே சில உரிமங்கள் எழுதப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு நீ ஆக்கி வழங்குவதையும் இவ்வாறே திறந்து வைத்தல் வேண்டும் என ஒரு வகை உரிமம் விதிக்கிறது. மூல ஆசிரியர் பெயரை மறைக்கலாகாது என மற்றொரு வகை விதிக்கிறது. நிஹ்நவம் கூடாது என்பதையே இன்றைய சட்ட மொழியில் சொன்னது போலும்!

மூன்றாவது, நம் ஆலயங்களின் பழைய செப்புத் திருமேனிகளைப் படமெடுத்து வெளியிட்டால் திருடர்க்கு வழிகாட்டியதாகும் என்ற அச்சம். இது வெற்று அச்சமன்று. காவலற்ற சிற்றூர்க் கோயிலின் பூட்டு விவரத்தை எவரும் வெளியிடலாகாது. ஆனால் படமே இல்லாதிருப்பது அதனினும் தீங்கு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த படமே அதனை அடையாளம் காண்பதற்குச் சான்றாயிற்று. 2014ஆம் ஆண்டில் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. அந்நிறுவனத்தார் தமிழகத்துச் சமணத் தலங்களையும் படமெடுத்து ஆவணப்படுத்தியுள்ளனர் என்பது நமக்கு ஆறுதல் தருவது.

நான்காவது, ஏட்டைக் கொடுத்துத் திரும்பப் பெறாத குறை. ஆராய்ச்சிக்கென்று ஒருவர் வாங்கிச் சென்றார், ஆண்டுகள் பல ஆயின, ஏடும் வரவில்லை, நூலும் வரவில்லை என்று நம் உறவினர் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இத்தகைய அனுபவமே பல பெட்டிகளை மூடி வைத்திருக்கிறது. முன்னாளில் படியெடுக்க ஏடு வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. இன்று அது வேண்டா. கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, அரை நாளில் ஒரு சுவடியைப் படமெடுத்துவிடலாம். ஏடு பெட்டிக்கே திரும்பும்.

நாம் செய்யத்தக்கவை

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பொறியியற் கல்லூரிகளும் உள்ளன. நம் பிள்ளைகள் அவற்றில் பயில்கின்றனர். மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம் அருகில் உள்ளது. புதுச்சேரியும் தொலைவில் இல்லை. இவை அனைத்தும் இருந்தும் இணையாமல் இருக்கின்றன. இணைப்பதற்கு நாம் கூறுவன நான்கு.

முதலாவதாக, இல்லத்திலுள்ள சுவடிகளையும் பழைய கையெழுத்துப் படிகளையும் படமெடுக்க ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தால் மூன்று நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு இசைவு தருக. ஏடு வீட்டைவிட்டுப் போகலாகாது. படங்களின் ஒரு படி குடும்பத்துக்கும் ஒரு படி மடத்துக்கும் தரப்பட வேண்டும். படங்களும் அவற்றின் வழி எழுதப்படும் ஆய்வும் எவரும் விலையின்றிப் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும். மூன்றாவது நிபந்தனைக்கு இசையாதவரிடம் காரணம் கேட்க நமக்கு உரிமையுண்டு.

இரண்டாவதாக, திருமணத்திலும் நினைவு நாளிலும் சாஸ்திர தானமாகச் சிறு நூல் அச்சிட்டு வழங்கும் நல்வழக்கம் நம்மிடம் உள்ளது. முன்பே பலமுறை அச்சான தோத்திரங்களே மீண்டும் மீண்டும் அச்சாகி, பல வீடுகளில் படிக்கப்படாமல் அடுக்கில் கிடக்கின்றன. அச்செலவில் ஒரு பாதியை, ஒரு சுவடியைப் படமெடுத்துத் திறந்து வைக்கும் ஆசிரியர்க்கும் அவருடைய மாணவர்க்கும் பயணச் செலவாகவும் உழைப்பூதியமாகவும் அளிக்கலாம். நினைவுக்குரியவர் பெயரும் அதில் இடம்பெறும்.

மூன்றாவதாக, கிரந்த எழுத்தும் மணிப்பிரவாள நடையும் அறிந்த முதியோர் நம்முள் இன்னும் சிலர் உள்ளனர். ஸ்ரீபுராணத்தைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொல்லும் தாய்மாரும் உள்ளனர். வீடூர் நயினார் செய்த பணிக்கு உரியவர் இவர்களே. ஆராய்ச்சியாளர் வரும் வரையில் காத்திராமல், கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வைக்கப் பேரப்பிள்ளைகளை ஏவுங்கள். சுவடி நூறாண்டு பொறுத்திருக்கலாம், ஓதுபவர் பொறுத்திரார்.

நான்காவதாக, நம் பிள்ளைகளுள் கல்லூரி ஆசிரியர்களாய் இருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது கட்டுரைக் கணக்கு என்பதை அறிவோம். ஒரு மென்பொருளையோ சுவடித் தொகுப்பையோ பொதுவில் வைப்பது அக்கணக்கில் எளிதில் ஏறுவதில்லை என்பதையும் அறிவோம். ஆயினும் ஆண்டுக்கு ஒரு பொருளையேனும் மூலத்துடன் திறந்து வையுங்கள். உங்களுக்குக் கற்பித்தவர் பெயரையும் உதவிய ஊரின் பெயரையும் அதில் எழுதுங்கள். நிருவாகம் எண்ணாவிடினும் சமுதாயம் எண்ணும் என்பதை நாம் செயலில் காட்டுவோம். சங்கக் கூட்டங்களில் பொன்னாடை போர்த்தும்போது அத்தகைய ஆசிரியரையும் மேடைக்கு அழைப்போம்.

அறிவு ஆன்மாவின் குணம் என்கிறது நம் சமயம். அது யாரும் வெளியிலிருந்து கொணர்ந்து நிரப்பும் சரக்கு அன்று. மறைப்பு நீங்கத் தானே விளங்குவது. ஒருவர்க்குள் இருக்கும் மறைப்பை நீக்க மற்றொருவர் துணை செய்தலே கற்பித்தல், பதிப்பித்தல், ஆராய்தல் யாவும். அத்துணையைச் செய்யும் ஆசிரியர்க்குத் தோள் கொடுப்பது நம் கடன். வரும் பர்வ நாட்களில் நான்கு தானங்களையும் எண்ணிச் செய்யும்போது, மூன்றாம் தானத்துக்கு உரிய பங்கை எங்கே கொடுப்பது என்று வீட்டோடு அமர்ந்து ஆலோசியுங்கள். அதற்கு முன் பரணில் உள்ள பெட்டியை இறக்கித் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

வளர்க ஜினதர்மம்! வாழ்க அறிவுடையோர் தொண்டு!